பால் போதவில்லை என்று தீர்ப்புச் சொன்னது யார்?

வாசகர் கேள்வி: திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சை செய்து பெண் குழந்தை பிறந்தது. பிறந்த எடை 2 கிலோ 900 கிராம். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது 2 கிலோ 700 கிராம். இன்றைக்கு 24ஆம் நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை போட்டதில் 3 கிலோ 250 கிராம். முதல் நாள் இரவே பால் ஊறவில்லை என்று மருத்துவமனையில் பவுடர் பால் கரைத்துக் கொடுத்தார்கள். வீடு திரும்பும்போது அதன் பெயரைச் சீட்டில் எழுதி, சிறிய டப்பா ஒன்றும் இனாமாகத் தந்தார்கள். மாலை 7 மணிக்கும், மகள் கொஞ்சம் தூங்கட்டும் என்று இரவு 11 மணிக்கும் 3 மணிக்கும் 60 மில்லி வீதம் புட்டியில் நான்தான் கொடுக்கிறேன். மற்ற நேரம் தாய்ப்பால். நாளுக்கு ஏழெட்டு முறை துணி நனைகிறது. ஆனால் மாலையானால் ஓயாமல் அழுகிறாள். 16ஆம் நாள் பெயர் வைக்க வந்த சம்பந்தியம்மாள், "பிள்ளை நோஞ்சானாக இருக்கிறதே, பால் பத்தவில்லை போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து என் மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். பவுடரைக் கூட்டலாமா? வீட்டுப் பசும்பாலில் தண்ணீர் கலந்து தரலாமா? இந்த வெயிலுக்குத் தண்ணீராவது தர வேண்டாமா? மூன்று மாதத்தில் கும்பகோணம் ஜவுளிக்கடை வேலைக்குத் திரும்ப வேண்டியவள். எப்படியும் நிறுத்தத்தானே போகிறோம் என்றும் தோன்றுகிறது. என் மூன்று பிள்ளைகளையும் பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரால் சேனை வைத்துத்தான் வளர்த்தேன். இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஏன் பால் ஊறுவதில்லை? மீதமிருக்கும் பவுடரை என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள்.

குழந்தை நல மருத்துவரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டவை நீங்கள் தவறாமல் குறித்து அனுப்பிய எடைகளே. பிறந்த முதல் சில நாட்களில் எல்லாக் குழந்தைகளும் கொஞ்சம் எடை குறையும். பிறந்த எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்கைத் தாண்டாதவரை அது இயல்பானதே. உங்கள் பேத்தி இழந்தது 200 கிராம், அதாவது நூற்றுக்கு ஏழு பங்கு. ஐந்தாம் நாளிலிருந்து 24ஆம் நாள் வரையிலான 19 நாட்களில் அவள் 550 கிராம் கூடியிருக்கிறாள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 29 கிராம். இந்த வயதில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடினால் நாங்கள் மனநிறைவு கொள்கிறோம். ஆகவே குழந்தை நோஞ்சான் என்ற பேச்சைத் தராசு ஒப்புக்கொள்ளவில்லை.

"அந்த எடை பவுடரால் வந்ததுதானே" என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த வயதுக் குழந்தைக்கு எடையில் கிலோ ஒன்றுக்கு நாளைக்கு ஏறத்தாழ 150 மில்லி பால் தேவை என்று வைத்துக்கொண்டால், உங்கள் பேத்திக்கு 490 மில்லி வரை வேண்டும். அதில் புட்டியில் போவது மூன்று வேளைக்கும் சேர்த்து 180 மில்லி. மீதி 300 மில்லிக்கு மேல் வேறெங்கிருந்தும் வரவில்லை. பாலே ஊறவில்லை என்று நீங்கள் எழுதும் அந்தப் பெண்ணின் உடம்பு, வயிற்றில் தையலோடும், நான்கு பேர் சொல்லும் சொல்லைத் தாங்கிக்கொண்டும், ஏற்கெனவே தேவையில் ஐந்தில் மூன்று பங்கைத் தந்துகொண்டிருக்கிறது. இதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும். மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று பத்திரிகையை நீட்டுவதைவிட அது அவளுக்குத் தெம்பு தரும்.

மீதி இரண்டு பங்கு ஏன் வரவில்லை என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர்நாடி. கோடையில் காவிரி மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த அனுபவம் உங்கள் தலைமுறைக்கு இருக்கும். இறைக்க இறைக்கச் சுரக்கும். இறைக்காமல் விட்டால் ஓர் அளவோடு நின்றுவிடும். மார்பிலும் அப்படித்தான். குழந்தை சப்பும்போது தாயின் மூளையடிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற இயக்குநீர் சுரந்து பாலை உற்பத்தி செய்யச் சொல்கிறது; ஆக்சிடோசின் என்ற இன்னொன்று, உற்பத்தியான பாலை வெளியே தள்ளுகிறது. பால் வெளியேறாமல் மார்பில் தேங்கினால், உற்பத்தி தானாகவே குறைகிறது. புரோலாக்டின் இரவில்தான் அதிகமாகச் சுரக்கும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மகள் தூங்கட்டும் என்ற பரிவில் இரவு 11 மணிக்கும் 3 மணிக்கும் நீங்கள் புட்டியை எடுக்கிறீர்களே, உடம்பு அடுத்த நாளைக்கான பாலுக்கு உத்தரவு வாங்கும் வேளை அதுவேதான். உங்கள் அன்பைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரவில் குழந்தையை எடுத்து மகளிடம் கொடுத்து, அவள் பக்கவாட்டில் படுத்தபடியே பாலூட்ட உதவி செய்து, பிறகு ஏப்பம் விடச் செய்து, துணி மாற்றித் தூங்க வைக்கும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அவளுடைய தூக்கத்தைப் பகலில் ஈடுகட்டுங்கள். வீடு பார்க்க வருபவர்களைக் கொஞ்ச நாள் தள்ளி வரச் சொன்னாலே பாதித் தூக்கம் கிடைத்துவிடும்.

ஆக்சிடோசின் மனநிலைக்குக் கட்டுப்பட்ட இயக்குநீர். அழுகையிலும் அச்சத்திலும் பால் இறங்குவது தடைப்படும். சம்பந்தியம்மாள் சொன்ன ஒரு வார்த்தை, அன்று மாலையே உங்கள் மகளின் மார்பில் பாலை இறங்க விடாமல் செய்திருக்கலாம் என்று நான் எழுதினால், அது மிகையான பேச்சு அன்று. உடலியல் அப்படித்தான் இருக்கிறது.

மாலை நேர அழுகைக்கு வருகிறேன். மூன்றாவது வாரத்தையும் ஆறாவது வாரத்தையும் ஒட்டிக் குழந்தைகள் திடீரென்று அடிக்கடி பால் கேட்பார்கள். அதிலும் மாலையிலிருந்து முன்னிரவு வரை அரை மணிக்கு ஒரு தரம் கூடக் கேட்பார்கள். பால் வற்றியதற்கான அடையாளமாக இதை நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில், வளரும் உடம்புக்கு ஏற்ப உற்பத்தியைக் கூட்டச் சொல்லிக் குழந்தை கேட்கும் முறை இது. அந்த நேரத்தில் 60 மில்லி பவுடர் பாலைக் கொடுத்தால் குழந்தை அயர்ந்து தூங்கும்; கேட்ட கேள்வி தாயின் உடம்பைச் சென்று சேராமலே போய்விடும். மார்பு மெத்தென்று இருக்கிறது, பிழிந்தால் இரண்டு சொட்டுதான் வருகிறது என்பதையெல்லாம் சான்றாகக் கொள்ள வேண்டாம். நம்பத்தகுந்த சான்றுகள் எடையும் சிறுநீரும்தான். 24 மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையாமல் துணி நனைந்தால் போதும். உங்கள் பேத்தி ஏழெட்டு முறை நனைக்கிறாள்.

இனி என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன். பவுடரை இன்றே ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். அது குழந்தையை வாட்டும், உங்கள் மகளின் தன்னம்பிக்கையையும் குலைத்துவிடும். முதலில் புட்டியை மட்டும் விலக்குங்கள். ரப்பர் காம்பில் பால் தானாக ஒழுகும். மார்பில் வாயை அகலத் திறந்து, தாடையால் அழுத்தி உழைத்துக் குடிக்க வேண்டும். இரண்டும் கலந்தால் பல குழந்தைகள் எளியதைத் தேர்ந்துகொள்ளும். நம் வீடுகளில் பாலாடை என்றும் சங்கு என்றும் சொல்கிறோமே, அதைக் கொதிநீரில் போட்டெடுத்து, அதனால் கொடுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் நாங்கள் இன்றும் பயன்படுத்தும் கருவி அதுதான். நம் பாட்டிமார் வைத்துவிட்டுப் போனவற்றில் மருத்துவம் மனமார ஏற்றுக்கொண்ட பொருட்களில் அது ஒன்று. ஒவ்வொரு வேளையும் முதலில் இரண்டு மார்பிலும் குடிக்க வைத்துவிட்டு, அதன் பிறகே பாலாடையில் கொடுங்கள். நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை தாயிடம் குடிக்க வேண்டும். முதலில் இரவு 3 மணி வேளையின் அளவை 30 மில்லியாகக் குறைத்து மூன்று நான்கு நாள் பாருங்கள். எடை நாளுக்கு 20 கிராமுக்குக் குறையாமல் கூடினால் அந்த வேளையை நிறுத்திவிட்டு, அடுத்த வேளைக்குச் செல்லுங்கள். எடை கூடாவிட்டால் அந்த அளவோடு நின்று, குழந்தையை மருத்துவரிடமோ பாலூட்டும் ஆலோசனை தெரிந்த செவிலியரிடமோ நேரில் காட்டுங்கள். ஒரே தராசில் எடை போடுவது முக்கியம். தராசு மாறினால் 100 கிராம் கூட முன்னே பின்னே காட்டும்.

குழந்தை மார்பைப் பற்றும் விதத்தையும் பாருங்கள். வாய் அகலத் திறந்திருக்க வேண்டும்; மோவாய் மார்பைத் தொட வேண்டும்; கீழுதடு வெளிப்புறமாக மடங்கியிருக்க வேண்டும்; காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றிய கருவளையத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். வலி எடுத்தால் பற்றியது சரியில்லை என்று பொருள். சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு விடுவித்து மறுபடி வையுங்கள். வயிற்றுத் தையல் அழுந்தாமல் இருக்க, குழந்தையை மடியில் போடாமல் கக்கத்துக்குக் கீழே தலையணை வைத்து, கால்கள் தாயின் முதுகுப் பக்கம் போகுமாறு பிடித்துக் கொடுக்கலாம். உங்கள் கிராம சுகாதார செவிலியரை வரச் சொல்லி ஒரு முறை நேரில் பார்க்கச் சொல்வது, நான் எழுதும் பத்து வரியைவிட மேலானது.

பவுடர் இருக்கும் வரை அதைச் சரியாகக் கலப்பதும் அவசியம். அந்தத் தூள் கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. கொதிக்க வைத்த தண்ணீர் 70 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆறிவிடும் முன்பே தூளைக் கலந்து, பிறகு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுத்து, மீந்ததைக் கொட்டிவிடுங்கள். சிக்கனத்துக்காக ஒரு கரண்டியைக் குறைக்காதீர்கள், வயிறு நிறையட்டும் என்று கூட்டவும் செய்யாதீர்கள்.

பசும்பால் வேண்டாம். அதிலுள்ள புரதமும் உப்புகளும் கன்றுக்கு அளவானவை; இந்த வயதுக் குழந்தையின் சிறுநீரகத்துக்குச் சுமையானவை. இரும்புச் சத்தும் அதில் மிகக் குறைவு. தண்ணீர் கலந்தால் சுமை குறையும், கூடவே சத்தும் குறைந்துவிடும். தண்ணீரும் வேண்டாம். அக்கினி நட்சத்திரத்திலும் வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். தாகத்துக்கு அதுவே போதும். தண்ணீர் தேவைப்படுவது உங்கள் மகளுக்கு. பச்சை உடம்புக்காரி அதிகம் குடித்தால் வயிறு போடும் என்று தண்ணீரை அளந்து கொடுக்கும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன்; அந்தப் பத்தியத்தை மட்டும் கைவிட்டுவிடுங்கள். பூண்டுக் குழம்பு, முருங்கைக் கீரை, நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வரும் பால்சுறாப் புட்டு எல்லாம் நல்ல உணவுகள், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பாலைக் கூட்டுவது குழந்தை சப்புவதுதான், சுறா அன்று. தேனும் உரை மருந்தும் கிரைப் வாட்டரும் குழந்தையின் வாய்க்குள் போக வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால், அரிதாகவேனும், நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிசம் என்ற நோய் வரும்.

நீங்கள் சேனை வைத்து வளர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு உங்களோடு வாதாட நான் விரும்பவில்லை. அந்தச் சர்க்கரைத் தண்ணீருக்குப் பிறகு உங்கள் பிள்ளைகள் உங்களிடமே குடித்தார்கள், இரவெல்லாம் பக்கத்திலேயே கிடந்தார்கள். உங்கள் மகளுக்கு நேர்ந்தது வேறு. பிறந்த நாளில் குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்வது ஐந்து முதல் ஏழு மில்லிதான். ஒரு தேக்கரண்டி சீம்பாலே அதற்கு முழுச் சாப்பாடு. நோய் எதிர்ப்பு ஆற்றல் செறிந்த அந்த மஞ்சள் பாலைப் பார்த்து, "ஊறவில்லை" என்று ஒரு குரல் சொல்லியிருக்கிறது. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டுச் செய்யும் அறுவைச் சிகிச்சையில் தாய் விழித்துத்தான் இருக்கிறாள். பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே குழந்தையை அவள் மார்பில் போட முடியும். அதற்கு ஒரு செவிலியர் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்க ஆளில்லாத இடத்தில் டப்பா திறக்கப்படுகிறது. பிறரை மட்டும் குற்றம் சொல்லவில்லை. இளம் மருத்துவனாக இருந்த நாட்களில், தாய் அழுதால் சீட்டில் "டாப் ஃபீட்" (தாய்ப்பாலுக்கு மேல் கொடுக்கும் வேறு பால்) என்று எழுதி அனுப்பி, அதை உதவி என்று நம்பியவன்தான் நானும்.

இதை ஒரு வீட்டுப் பிரச்சினையாக இல்லாமல் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக ஏன் பேச வேண்டும் என்பது இங்கேதான் விளங்கும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அப்படியிருந்தும் முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 60.2 விழுக்காடுதான், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 55.1 விழுக்காடு. இந்த இரண்டாவது எண் இந்தியச் சராசரியான 63.7ஐவிடக் குறைவு. பிள்ளை பெற மருத்துவமனைக்குப் போவதில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலம், பாலூட்டுவதில் பின்தங்கி நிற்கிறது என்றால், குறை பெண்களின் உடம்பில் இல்லை. அறுவைப் பிரசவம் 44.9 விழுக்காடாக இருக்கும் ஒரு மாநிலத்தில், அதன் பிறகான முதல் மணி நேரத்தை யார் காப்பது என்ற கேள்விக்கு இன்னும் உறுதியான விடை இல்லை. வீட்டில் சேனை வைத்த பழக்கத்தை அரும்பாடுபட்டு ஒழித்துவிட்டு, அதே இடத்தில் பவுடரை வைக்க மருத்துவமனையை அனுமதித்திருக்கிறோம் என்பது என் எண்ணம்.

தாய்ப்பால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்தால் உலகில் ஆண்டுக்கு 8,23,000 குழந்தை இறப்புகளையும், மார்பகப் புற்றுநோயால் நேரும் 20,000 தாய்மார் இறப்புகளையும் தவிர்க்கலாம் என்று லான்செட் மருத்துவ இதழ் 2016இல் கணக்கிட்டு வெளியிட்டது. நம் பகுதிக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்த பிறகு டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் புட்டியைக் கொதிக்க வைக்க எரிபொருளுக்கும் நல்ல தண்ணீருக்கும் எங்கே போவது? மார்பில் குடிக்கும் குழந்தை அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பணக் கணக்கையும் பாருங்கள்: ஆறு மாதம் முழுக்கப் பவுடரிலேயே வளர்க்க ஏறத்தாழ 20 கிலோ தூள் வேண்டும், அரைக் கிலோ டப்பாவாக நாற்பது.

இனாம் டப்பாவைப் பற்றி. மருத்துவமனையின் பெயரை எழுதியிருந்தீர்கள். அதை இங்கே வெளியிடவில்லை. ஆனால் குழந்தைப் பால் பவுடர், பாலூட்டும் புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றின் உற்பத்தி, வழங்கல், விநியோகத்தை ஒழுங்குபடுத்த 1992இல் நாடாளுமன்றம் இயற்றி, 2003இல் கடுமையாக்கிய சட்டம் ஒன்று இருக்கிறது. உலக சுகாதாரப் பேரவை 1981இல் ஏற்ற விற்பனை நெறிமுறையே அதன் அடிப்படை. இரண்டு வயது வரையான குழந்தைகளுக்குரிய இப்பொருட்களுக்கு விளம்பரம் செய்வதும், தாய்மாருக்கு இலவச மாதிரி தருவதும், மருத்துவப் பணியாளருக்குப் பரிசோ பணமோ கொடுப்பதும் அதன்படி குற்றம்; மூன்றாண்டு வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. டப்பாவின் மீது குழந்தையின் படமோ தாயின் படமோ போடக்கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். நீங்கள் விரும்பினால் அந்தச் சீட்டின் நகலோடு மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். உலகத் தாய்ப்பால் வாரமான ஆகஸ்ட் முதல் வாரத்தில் பதாகை கட்டிக் கோலப்போட்டி நடத்துவதைவிட அப்படி ஒரு மனு தாய்ப்பாலுக்குச் செய்யும் தொண்டு பெரிது.

வேலை விஷயத்தில் நீங்கள் மூன்று மாதம் என்று எங்கிருந்து கணக்கிட்டீர்கள் என்று தெரியவில்லை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடையில், பிரசவத்துக்கு முந்தைய ஓராண்டில் 80 நாளாவது உங்கள் மகள் வேலை செய்திருந்தால், மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு அவளுக்கு உரிமை. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தம் இருந்தால் அந்தப் பணம் அங்கிருந்து வரும். வேலைக்குத் திரும்பிய பிறகும் குழந்தைக்குப் 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. 50 பேருக்குக் குறையாத இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமைகள் இடம்பெற்றுள்ளன. கடை முதலாளி இதையெல்லாம் கேட்டதும் முகம் சுளிக்கலாம். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களுக்கு உட்கார ஒரு நாற்காலி தரவே 2021இல் சட்டம் திருத்த வேண்டியிருந்த மாநிலம் இது. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். குறுவை நடவுக்குக் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வயலில் இறங்கும் கூலிப் பெண்களுக்கு இந்தச் சட்டம் எதுவும் எட்டவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மட்டுமே அவர்களுக்குத் துணை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, இரண்டு வயது வரை பிற உணவோடு தாய்ப்பாலும் என்று நாங்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கூலி போகாமல் ஆறு மாதம் வீட்டில் இருக்க வழி செய்யாமல் அப்படிச் சொல்வதற்கு எனக்கே கூசுகிறது.

வேலைக்குப் போகும் காலம் வந்தால், பாலைக் கையால் கறந்து, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போகலாம். சாதாரண அறைச் சூட்டில் நான்கு மணி நேரம் தாங்கும். சித்திரை வெயிலில் அவ்வளவு கூட நம்ப வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் குளிர் போக்கினால் போதும்.

உண்மையாகவே பால் சுரப்பு போதாத தாய்மார் மிகச் சிலர் இருக்கிறார்கள். நோயினாலோ மருந்தினாலோ கொடுக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மகள் முழு முயற்சி செய்தும் ஒரு வேளைப் பவுடர் தொடர வேண்டியிருந்தால், அவள் தாய்மையில் ஒரு குன்றிமணி கூடக் குறைந்துவிடாது. கிடைக்கும் தாய்ப்பால் ஒவ்வொரு துளியும் பயன்தான். குறைமாதக் குழந்தைகளுக்காகத் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் அரசு மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இயங்குகிறது. உபரிப் பால் வரும் நாளில் அவளே அங்கே கொடையாளியாகப் போகக்கூடும் என்று நான் சொன்னால் இப்போது நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் இதே போன்ற கடிதத்தோடு தொடங்கியவர்களை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ, துணி நனைவது ஆறு முறைக்குக் குறைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலோ, உங்கள் மகளின் மார்பில் சிவந்த கட்டியும் குளிர்காய்ச்சலும் கண்டாலோ, இந்தப் பதிலை ஒதுக்கிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மகளின் அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு, பாலூட்டிக்கொண்டே அதைப் பெறலாம்.

மீதமிருக்கும் பவுடர்: திறந்த டப்பாவை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கடைசி வேளையும் நின்றதும் கொட்டிவிடுங்கள். வீணாகிறதே என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.